செத்த பெட்டரியில் பாடிய சந்திரிகா

அந்த மூன்று பெண்பிள்ளைகளும் வாசிக்கத் தொடங்கினால் கண்டி வாவியில் கிடக்கும் ஆமைகள் வரிசையாகக் கரையேறித் தலையாட்டும். ஹுன்னஸ்கிரிய மலையில் மூடுபனி விலகி வழிவிடும். சரி, ஆமை கொஞ்சம் கூடிப்போயிற்று. மூடுபனியும் தன்பாட்டில்தான் விலகியிருக்கும். ஆனால் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் வாசலில் ஒரு கறுப்பு ஆடு பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றது. அதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

மூவரில் தாளக்காரி றமீஸா. திகன பஜாரில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகள். எண்பத்திரண்டாம் ஆண்டு வாப்பா அவளைக் கண்டியில் ஒரு டைப்பிங் வகுப்புக்கு அனுப்பினார். அங்கே அவளுக்கு வலப்பக்கம் கமலாசனி, அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்தாரின் மகள். இடப்பக்கம் சந்திரிகா, ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பெக்டரி விசிறிகளைப் பார்த்துக்கொள்ளும் ராஜலிங்கத்தின் மகள். றமீஸாவுக்கு டைப்பிங் வரவில்லை, தாளம் வந்தது. சித்திரை வருசத்தில் அயல்வீட்டுச் சிங்களப் பெண்கள் பெரிய ரபான் மேளத்தைச் சுற்றி உட்கார்ந்து அடிக்கும்போது, சிறு வயதிலேயே நடுவில் புகுந்து அடித்துப் பழகிய கை அது. டைப்ரைட்டரிலும் அதே அடிதான்.

"விரலில என்னடி பேயே? மெசின் அழுது, கேக்கேல்லையே?" என்றாள் கமலாசனி.

"அழட்டும் விடு" என்ற சந்திரிகா, அந்த அடிக்கு மேலே விரல் பயிற்சி எழுத்துகளை மெல்லப் பாடினாள். "ஏ எஸ் டி எஃப், எனக்கொரு வேலை. செமிகோலன் எல் கே ஜே, இல்லே இல்லே."

றமீஸாவின் விரல் நின்றுவிட்டது. தாழ்ந்த குரல், ஆனால் கம்மல் இல்லை. ஈரக் கொழுந்துச் சாக்கைத் தலையில் ஏற்றியவள் முதல் அடி வைக்கும்போது விடுகிற மூச்சைப் போல ஒரு குரல். அன்றிலிருந்து றமீஸா அந்தக் குரலுக்காகத்தான் தட்டினாள்.

கமலாசனியின் அண்ணன் லண்டனிலிருந்து கசட்டுகளும் படங்களும் அனுப்பிக்கொண்டிருந்தான். இதற்குப் பெயர் நியூ வேவ் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். சின்னப் பாட்டு, வெட்டி வெட்டி அடிக்கிற தாளம், முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது.

"சிரிக்கப்படாது. இந்தப் படத்தில ஒருத்தியும் சிரிக்கேல்ல, பாருங்கோ."

"பசியா இருந்திருக்கும்" என்றாள் சந்திரிகா.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைக் காம்பரா காலியாக இருக்கும். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் வாரநாளில் குழந்தைகளை விட்டுப்போகும் அறை அது. தொட்டில்களை ஓரமாகத் தள்ளி, கமலாசனியின் மின்சார ஓர்கனை மேசையில் வைப்பார்கள். றமீஸாவுக்கு ஒரு தேயிலைப் பெட்டி, இரண்டு பிஸ்கட் டின் மூடி. கரண்ட் பெக்டரியிலிருந்து வந்தது. மாடியில் கொழுந்து வாட்டும் விசிறிகள் ஓடினால் பல்ப் பழுத்த தோடம்பழம்போல ஆரஞ்சாகி மங்கிவிடும். குழுவுக்கு 'லோ வோல்டேஜ்' என்று சந்திரிகா பெயர் வைத்தது அதைப் பார்த்துத்தான்.

சபையில் அவர்கள் வாசித்தது ஒரே ஒரு தடவை, டைப்பிங் வகுப்பின் ஆண்டிறுதி விருந்தில். தான் கற்பித்த பயிற்சி எழுத்துகள் பாட்டாகி வருவதைக் கேட்ட ஆசிரியை நேரே நடந்துபோய்ச் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். ஓர்கன் செத்தது. தேயிலைப் பெட்டிக்குக் கரண்ட் தேவையில்லையே! றமீஸா அடித்துக்கொண்டே இருந்தாள், சந்திரிகா பாடி முடித்தாள்.

அடுத்தது கசட். கொழும்பில் ஒரு வானொலி நிலையத்துக்கு அனுப்பினால் கூப்பிடுவார்கள் என்று கமலாசனி விசாரித்து வந்தாள். றமீஸா கசட் பதியும் வீட்டு ரேடியோ செட்டை சாரிக்குள் சுற்றி எடுத்து வந்தாள். ஓர்கனைச் சரிபார்த்து முடிப்பதற்குள் பின்னேரமாகிவிட்டது. ராஜலிங்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

"பேனு ஓடுதும்மா. கரண்ட் கொறைச்சலா வரும். நிப்பாட்டிட்டுச் சொல்றேன், அப்பறமா பதிங்க."

"இருப்போமே றமீஸா" என்றாள் சந்திரிகா.

"அதுக்குள்ள கடைசி பஸ் பெய்த்திரும் மாமா. வாப்பா என்னெய உசிரோட வைக்க மாட்டாரு. இப்பவே பதிவோம்."

பதிந்தார்கள். அங்கேயே போட்டுக் கேட்டார்கள். குரல் அச்சொட்டாக இருந்தது. விசிறிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன அல்லவா? செட் மெதுவாகச் சுற்றிப் பதிந்ததை மெதுவாகவே சுற்றிச் சொன்னது. நல்ல கரண்டில் அதே கசட் வேகமாக ஓடும் என்பது மூன்று டைப்பிஸ்டுகளுக்கும் தோன்றவில்லை.

கொழும்பில் அந்த அதிகாரி கேட்டுவிட்டு, "நர்சரிப் பிள்ளைகளா பாடினது?" என்றார். அணில்கள் கூட்டம் போட்டுக் கத்துவதுபோல இருந்தது. கமலாசனி மன்றாடியதில் மனமிரங்கி, ஜூலைக் கடைசியில் நேரில் வந்து பாடிக்காட்டச் சொன்னார்.

அது எண்பத்துமூன்றாம் ஆண்டின் ஜூலை. கொழும்புக்குப் போக ஒரு பாதையும் இருக்கவில்லை. கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தன. கமலாசனியின் வாடகை வீடு ஓர்கனோடு எரிந்தது. அவள் குடும்பம் முகாமில் கிடந்து யாழ்ப்பாணம் போய், பிறகு கனடா போயிற்று. அங்கிருந்து ஒருமுறை போன் பேசினாள். பாட்டைப் பற்றி றமீஸா வாயெடுத்ததும், "உந்தக் கதைய விடும்" என்றாள்.

தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் ராஜலிங்கத்தின் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் முன்பே வந்து கிடந்தது. போகமாட்டேன், ரேடியோவில் பாடிவிட்டுத்தான் எதுவும் என்று அதுவரை இழுத்துப் பிடித்தவள் சந்திரிகாதான். இப்போது பிடிக்க ஒன்றும் இல்லை. கப்பலுக்கு ஆளேற்றிப் போகும் ரயிலுக்குத் தோட்டத்துச் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தது. கண்டி ஸ்டேஷனில் போகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிப்பிடித்து வைத்த ஓலத்தில், சந்திரிகா சொன்னதைக் கேட்க றமீஸா காதை அவள் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"தப்பாத்தான் பதிஞ்சுச்சு, இருந்தாலும் வச்சுக்க புள்ள. அங்க போயி நல்ல கரண்டா பாத்து ஒன்னு பாடி அனுப்புறேன்."

பாட்டு வரவில்லை. கோத்தகிரியில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள் என்ற சேதிதான், தோட்டத்தில் தங்கிவிட்ட அவள் சித்தப்பா மூலம் வந்தது.

அதற்குள் விக்டோரியா அணை கட்டி, பழைய தெல்தெனிய ஊர் தண்ணீருக்கு அடியில் போயிருந்தது. அணையின் கரண்டில் திகனவில் பல்ப் மங்குவது நின்றது. ஊரே மகிழ்ந்தது. றமீஸா மட்டும் கசட்டைப் போட்டுவிட்டு விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். முன்பெல்லாம் கரண்ட் குறைந்தால் குரல் கொஞ்சமாவது இறங்கும். இனி சந்திரிகா எப்போதும் அணில்தான். தானே ஒரு பஸ்ஸுக்காக அவளை அப்படி ஆக்கிவிட்டதாக றமீஸா நம்பினாள்.

ஒருநாள் செட்டில் பெட்டரி தீர்ந்துகொண்டு வந்தபோது பாட்டு இழுபட்டு, குரல் இறங்கியது. அன்று பிடித்தது அந்தப் பைத்தியம். கல்யாணமாகி வந்த ஹபீல், முற்றத்து மதிலில் பழைய பெட்டரிகள் வெயில் காய்வதைப் பார்த்தான்.

"என்ன இது, கருவாடா? கடையில புதுசு ஈக்குதே."

"புதுசு வாணாம். புதுசில அவ கத்துறா. செத்தது வேணும்."

ஹபீல் நல்ல மனுசன். சிரித்துவிட்டு, பஜாரில் டோர்ச்சுக்குப் பெட்டரி மாற்ற வருகிறவர்களிடம் பழையதை வாங்கிவந்து கொடுத்தான்.

தொண்ணூறுகளில் ஒரு தேடுதலின்போது இராணுவத்தார் அந்தக் கசட்டைப் போட்டுக் கேட்டார்கள். கீச்சுக் குரலில் எழுத்தெழுத்தாக வந்தது அவர்களுக்குச் சங்கேதமாகப் பட்டது. செமிகோலன் யார், எந்தப் பிரிவு என்று ஹபீலைக் கொண்டுபோய் விசாரித்தார்கள். றமீஸா ஒரு டைப்ரைட்டரைச் சுமந்துகொண்டு போய், அதிகாரியின் மேசையில் வைத்து, பாட்டுக்கு விரலை ஓட்டிக் காட்டினாள். ஹபீல் திரும்பி வந்தான். காது ஒன்று பிறகு சரியாகக் கேட்கவில்லை.

"நல்லது" என்றான். "இனி உன்ட கூட்டாளி கத்தினாலும் எனக்குப் பாதிதான்."

போர் முடிந்தது. ஹபீல் மவுத்தாகி அடக்கமானான். இரண்டாயிரத்துப் பதினெட்டு மார்ச்சில் திகனவில் முஸ்லிம் கடைகளுக்கு நெருப்பு வைத்தார்கள். கடை மேல்மாடியிலிருந்து றமீஸா வெறுங்காலோடு இறங்கி ஓடினாள். அலுமாரி எரிந்தது. அலுமாரிக்குள் கசட் எரிந்தது. முப்பத்தைந்து வருடம் தள்ளி வந்தாலும் அது அதே நெருப்புத்தான்.

ஆனாலும் எத்தனையோ தடவை, பெட்டரி சாகும் நேரத்தில், சந்திரிகா தன் சொந்தக் குரலில் அரைப் பாட்டாவது றமீஸாவுக்குப் பாடியிருக்கிறாள். எந்த நெருப்பும் அதை எரிக்க முடியாது.

இவ்வளவையும் நான் வாசிக்கக் கேட்டுக்கொண்டு எதிர்க் கதிரையில் இருந்த றமீஸா, இந்த இடத்தில் கையை நீட்டித் தாளை மூடினாள்.

"அக்கா, ஆடு நிக்கட்டும், ஆமையும் நிக்கட்டும். கடைசியா எழுதினத மட்டும் வெட்டுங்க. தொடக்கத்தில அணிலாட்டம் கத்துவா. முடியக்குள்ள ஆம்புளை மாதிரி இழுப்பா. அதுக்கு நடுவில எங்கயோ ஒரு சொல்லுதான் அவட சொந்தக் குரல். அது எந்தச் சொல்லு எண்டு நான் ஒருநாளும் பிடிக்கல்ல. கேட்டுக் கேட்டே அவட குரல் எப்படி ஈந்திச்சு எண்டு எனக்கு மறந்து பெய்த்திச்சு."