மச்சாள் தந்த அதிமதுரக் கிறீம்

கோப்பாயில் எங்கள் வீட்டுக் குசினி யன்னலில் வாய் அகன்ற போத்தல் ஒன்று வெயில் படும்படி இருக்கும். அதற்குள் அதிமதுரத் துண்டுகள் நல்லெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். மூன்று கிழமையில் எண்ணெய் தேன் நிறத்துக்கு வந்துவிடும். அதை வடித்து, தேன்மெழுகை உருக்கிச் சேர்த்து, கற்றாழைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தால் வெண்ணெய் போலத் திரளும். அடிப்பவள் என் அண்ணாவின் மனைவி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. ஒருவரை ஒருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். நான் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். அவள் உயர்தரத்தோடு படிப்பை நிறுத்தியவள். புத்தகத்தைப் பார்த்து நான் செய்த கிறீம் இரண்டு தடவையும் தண்ணீர் வேறு எண்ணெய் வேறாகப் பிரிந்துபோனது. அவளுடையது பிரியவில்லை. எப்படி என்று கேட்டேன். "தெரியேல்லை மச்சாள். ரெண்டும் ஒரே சூடாய் இருக்கேக்கை சேர்த்தன்" என்றாள். அது நான் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கிய விடை. எழுதியவள் நான், அடுப்படியில் செய்து காட்டியவள் அவள்.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, "படிச்சு என்ன, உன்ரை மச்சாளின்ரை கைப்பக்குவம் உனக்கு வரேல்லையே" என்றா. அம்மா விளையாட்டாகச் சொன்னதை நான் மாதக்கணக்கில் மனதுக்குள் வைத்து அரைத்துக்கொண்டிருந்தேன். அயலார் கிறீம் வாங்க வரத் தொடங்கினார்கள். வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்டால் நான் அறைக்குள் போய்விடுவேன்.

அப்போது என் இரண்டு கன்னங்களிலும் கருமை படர்ந்திருந்தது. கலியாணம் பேசி வந்தவர்களில் ஒரு பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். ஒருநாள் மச்சாள் சின்னக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து, "படுக்கப்போகேக்கை பூசிப் பாருங்கோ. ஒத்துவராட்டி விடுங்கோ" என்று தந்தாள். ஒரு கிழமை கழித்து, எனக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னேன். பொய். ஒவ்வொரு நாளும் கதவைச் சாத்திக்கொண்டு பூசினேன். குப்பி முடிந்ததும் குசினிச் சட்டியில் இருந்து கரண்டியால் எடுத்தேன். நாலு மாதத்தில் கருமை நன்றாக மங்கிவிட்டது. முகம் தெளியத் தெளிய அவள்மேல் எனக்கிருந்த எரிச்சல் கூடியது. அவளுடைய கெட்டித்தனத்துக்கு என் முகமே சாட்சியாக இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

கொழும்பில் கடை வைத்திருந்த ஒரு அம்மா, கிறீமை மாதாமாதம் எடுக்கலாமா என்று பார்க்க வீட்டுக்கு வந்தா. மச்சாள் உடுப்பு மாற்றி, தேத்தண்ணி ஊற்றி, மூடியைத் திறந்து காட்டினாள். அந்த அம்மா கொஞ்சம் எடுத்துப் புறங்கையில் தேய்த்து மணந்து பார்த்தா. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்கடை முகம் நல்ல தெளிவாய் இருக்குது. இதைத்தான் பூசுறனீங்களோ?" என்று கேட்டா.

"இல்லை. எனக்கு டொக்டர் எழுதித் தந்த வெளிநாட்டுக் கிறீம்" என்றேன்.

மச்சாள் நிமிரவில்லை. அந்த அம்மா மூடியைப் பூட்டி வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனா. பிறகு எதுவும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் மச்சாள் கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் அள்ளப் போனபோது ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு உள்ளே போய், ஒரு குப்பியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். "உங்களுக்கு முடிஞ்சிருக்கும். சட்டியிலை எடுக்காதேங்கோ மச்சாள், கரண்டி பட்டால் மற்றது பழுதாப்போம்." அவ்வளவுதான். அண்ணாவிடமோ அம்மாவிடமோ அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது, அவர்கள் என்னோடு வழமைபோலக் கதைத்ததில் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. குப்பியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இன்று நான் விஞ்ஞான ரீச்சர். அவளுக்கு இணுவிலில் சின்னத் தொழிற்கூடம் இருக்கிறது. ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். கொழும்புக்கும் கிறீம் போகிறது, வேறு கடைகள், வேறு ஆட்கள். போன மாதம், கிறீம் ஏன் பிரிகிறது என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த என்னைக் கூப்பிட்டாள். போனேன். சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைக் கண்டதும் பழைய புளிப்பு நெஞ்சுக்குள் ஏறியது. அவள் என்னை முன்னுக்கு நிறுத்தி, "இவ என்ரை மச்சாள். கமிஸ்ட்ரி படிச்சவ. எங்கடை கிறீமைத் துவக்கத்திலையே பூசிப் பாத்தவ" என்றாள்.

முன்வரிசையில் இருந்த பிள்ளை என் முகத்தை உற்றுப் பார்த்து, "உண்மையோ ரீச்சர்?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். மச்சாள் என்னைப் பார்க்காமல் எண்ணெய்ச் சட்டியைக் கிட்ட இழுத்து வைத்தாள். அவளுடைய கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டது ஒரு காலம். நடந்ததில் எனக்கு மரியாதை தரும் பாதியை மட்டும் சபையில் சொல்லி, மற்றப் பாதியைச் சொல்லாமல் விட அவளால் முடிந்ததே, அதை நினைத்துத்தான் இப்போது பொறாமைப்படுகிறேன். என்னால் அது ஏலாது.