மறுபடி ஹெல்மெட்டிலிருந்து

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்து அக்கா, ஊசி குத்துவதற்கு முன் பெயரை இரண்டு முறை கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரி வந்தாலும் கேட்பாள். "என்னைத் தெரியாதா உனக்கு?" என்று அந்தம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால், "தெரியும், பேரைச் சொல்லுங்க" என்பாள். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமையானால் மலை உச்சியிலிருந்து பாராகிளைடரில் பறக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்?

அவள் புருஷனே நம்பவில்லை. அவர் முடிதிருத்துகிறவர், கத்திரி நின்றாலும் வாய் நிற்காது. முதல் தடவை அவள் கால் தரையை விட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டவர், கீழே இறங்கி அவள் ஃபோன் செய்த பிறகுதான் திறந்தார். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் துணைக்கு அவரும் போனார். காற்று சரியில்லை என்று பட்டால் அவள் துணி இறக்கையை மடித்துக்கொண்டு மலையை நடந்தே இறங்கிவிடுவாள். அன்றைக்கு அவருக்கு வாயெல்லாம் பல்.

பறக்கும் முன் அவளுக்கு ஒரு வரிசை உண்டு. ஹெல்மெட், நெஞ்சுப் பட்டை, தொடைப் பட்டைகள், கயிறுகள், காற்று. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் தீர்ந்தது, மறுபடி ஹெல்மெட்டிலிருந்து.

"அதான் பாதி முடிச்சுட்டியேம்மா!" என்பார் புருஷன்.

"எங்க விட்டேன்னு கைக்குத் தெரியாதுங்க. முடிச்சாச்சுன்னு மனசு சொல்லிடும்."

இந்த வருஷம் முதுகில் மாட்டும் விசிறி எஞ்சினையும் பழகினாள். இனி மலையே வேண்டாம், மைதானத்திலிருந்து ஓடிக் கிளம்பலாம். "எஞ்சின் வந்தாச்சு, இனி என்ன பயம்?" என்று குதூகலித்தார் புருஷன்.

"எஞ்சின் எப்ப வேணா நிக்கும். நிக்கும்னு நெனச்சுத்தான் பறக்கணும். இறங்கறதுக்கு ஒரு வெட்டவெளி எப்பவும் கிட்டத்துலயே இருக்கணும்" என்று அவர் நிம்மதியில் மண்ணள்ளிப் போட்டாள்.

பயிற்சியாளர் இல்லாமல் எஞ்சினோடு பறக்கும் முதல் காலை. இறக்கையைப் பின்னால் விரித்து, எஞ்சினை மாட்டி, வரிசையைத் தொடங்கினாள். "பெட்ரோல் போதுமா?" என்றார் அவர். மறுபடி ஹெல்மெட். "மேகத்தைப் பாரேன், என்ன அழகு!" மறுபடி ஹெல்மெட். தொடைப் பட்டைக்குக் கை போன நேரம் பார்த்து, "வீட்டுச் சாவி உங்கிட்டயா இருக்கு?" என்றார். பையிலிருந்து எடுத்து அவரிடம் எறிந்துவிட்டு, கையை ஹெல்மெட்டுக்குக் கொண்டுபோனாள்.

"அட, மறுபடியுமா? வெயில் ஏறுதும்மா, காத்து மாறிடும். கெளம்பு கெளம்பு!"

பாவி மனுஷன்! அவளும் அன்றைக்கென்று சிரித்துக்கொண்டே எஞ்சினைக் கிளப்பிவிட்டாள்.

புல்லில் விழுந்த சாவியைக் குனிந்து எடுத்தவர் நிமிரும்போது பார்த்தார். இரண்டு தொடைப் பட்டைகளும் பூட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. பட்டை பூட்டாமல் மேலே போனால் அக்குளில்தான் தொங்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் நழுவி விழ வேண்டியதுதான் என்று அவளே சொல்லியிருக்கிறாள். கத்தினார். தெரு முழுக்கக் கேட்கும் அந்தக் குரல் எஞ்சின் இரைச்சலில் காணாமல் போனது. கிட்டே போகலாம் என்றால் சுற்றுகிற விசிறி. சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினார்; விரித்திருந்த இறக்கையின் நட்டநடுவில் பொத்தென்று உட்கார்ந்தார்.

இரண்டு எட்டு ஓடியவளை இறக்கை பிடித்து இழுத்தது. திரும்பிப் பார்த்து எஞ்சினை நிறுத்தினாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? இறக்கை மேல யாராவது உக்காருவாங்களா?"

அவர் தன் தொடையைத் தட்டிக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். பார்த்தபடியே மெல்லப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னிக்கு வேணாங்க" என்றாள்.

எல்லாவற்றையும் மடித்து வேனில் ஏற்றினார்கள். அவள் ஓட்டினாள். சிக்னல் வந்தது, அவருடைய கடை வந்தது, பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. கடையைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினாள்.

"இப்படி வராதீங்க, எனக்குப் பயமா இருக்கு. ஏதாவது பேசுங்க."

அவர் வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, கொஞ்சமும் அவசரப்படுத்தாமல் அவள் காத்திருந்தாள்.