குரோம்பேட்டை கடையில் இரண்டு டிவி

எங்கள் வீட்டு கேம் கன்சோலில் படம் வெளிறித் தெரிகிறதே என்று, புது மாடல் வாங்க நானும் கணவரும் குரோம்பேட்டையில் ஒரு கடைக்குப் போனோம். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிவி, இரண்டிலும் ஒரே கேம். எங்களிடம் இருக்கும் பழைய மாடலை மாட்டியிருந்த டிவியில் புல்தரை சாம்பல் பூத்துக் கிடந்தது. புது மாடல் ஓடிய டிவியில் அதே புல் கண்ணைப் பறித்தது.

"பார்த்தீங்களா மேடம்? பழசுல கலரே வராது, தூக்கிப் போட்டுடுங்க" என்றார் கடைக்காரர். கணவர் கார்டையே எடுத்துவிட்டார்.

புடவையைக்கூட நான் கடை விளக்கை நம்பி எடுப்பதில்லை. வாசல் வெயிலில் பிரித்துப் பார்ப்பேன். "கன்சோல்லேர்ந்து டிவிக்குப் போற ரெண்டு வயரையும் மாத்திப் போடுங்க" என்றேன்.

"அதெல்லாம் தொடக் கூடாது. உங்களுக்குப் புரியாது மேடம்."

அந்தத் திமிருக்காகவே நானே கழற்றி மாற்றினேன். பழைய மாடலில் புல் பச்சைப்பசேல் என்றது. புது மாடல் அழுது வடிந்தது. ஒரு டிவியில் வேண்டுமென்றே கலரைக் குறைத்து வைத்திருக்கிறார்!

"வாங்கலன்னா கெளம்புங்க" என்று எரிந்து விழுந்தார். கிளம்பினோம். வீட்டு டிவியில் கலர் செட்டிங்கைச் சரிசெய்ததும் பழைய கன்சோலே பளிச்சென்று ஆகிவிட்டது.

இப்போதெல்லாம் எந்தக் கடையில் இரண்டு டிவி வைத்து ஒப்பிட்டுக் காட்டினாலும், வயரை மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகுதான் விலையே கேட்கிறேன். தொடக் கூடாது என்பவரின் கடைப் படியை மிதிப்பதில்லை.

– ஷமீமா, செம்பாக்கம்