ஜெசிந்தா முகர்ந்த சேறு

உச்சிப்புளி தாண்டிப் பேருந்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஜெசிந்தாவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிருச்சு சார். சாயங்காலம் அடக்கம். இன்னைக்கு எங்க ஊர்ல வள்ளம் எதுவும் கடலுக்குப் போகல." பல ஆண்டுகளாக ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலி எங்களுடையது. ஜெசிந்தாவுக்கு நிலவியல், எனக்கு வேதியியல்.

அவரிடம் படித்தவர்களுக்கு அந்த வகுப்பு மறந்திருக்காது. மனிதர் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பு உயிரினங்கள் கூட்டங்கூட்டமாக அழிந்தது எதனால், விண்ணிலிருந்து விழுந்த பாறையாலா, எரிமலைகளாலா? நம் பக்கம்தான் எரிமலையே இல்லையே, எதற்கு இந்த நடுக்கம் என்று ஒருமுறை சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. "கல்லு விழுந்தா சட்டுனு முடிஞ்சிரும் சார். எரிமலை அப்படியில்ல. தலைமுறை தலைமுறையாப் புகையும். கடல் சூடாகும், தண்ணிக்குள்ள மூச்சுக்காத்து கொறையும். இப்பப் புகைய விடுறது நாமதான்."

பிறகு அவர் ஊர்க் கடல் பாசி பெருகிப் பச்சையானது. அன்று மாதா கோயில் கொடியேற்றம், என்னையும் அழைத்திருந்தார். கரையோரம் மீன்கள் வாயைப் பிளந்தபடி மிதந்தன. திருவிழாவுக்கு மாதா அனுப்பியது என்று ஊரே கூடையோடு ஓடியது. ஜெசிந்தா பட்டுச்சேலையோடு இறங்கி அடிச்சேற்றை அள்ளி முகர்ந்தார். என்னிடமும் நீட்டினார். அழுகிய முட்டை நாற்றம். ஆய்வகத்தில் எனக்குப் பழகிய வாயுதான், ஆனால் கடலில் அது வந்தால் அடியில் மூச்சுக்காற்று தீர்ந்துவிட்டது என்று பொருள்.

"அள்ளாதீங்க. மூச்சு முட்டி மேல வந்த மீனு இது" என்று கத்தினார். நல்ல நாளும் அதுவுமாக அபசகுனம் பேசுகிறாள் என்று சொந்த அத்தையே ஏசினார். தம்பி மட்டும் கூடையைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து அக்காவைக் கேட்காமல் அவர் வள்ளம் இறக்கியதில்லை.

சில நாளில் கடல் தெளிந்தது, நாங்கள் மறந்தோம். ஜெசிந்தா மட்டும், "இந்தத் தடவ கடலுக்கு உயிர் திரும்பிருச்சு சார்" என்றார்.

அடக்கம் முடிந்து கரைக்கு வந்தேன். துக்கத்துக்காக வள்ளங்களெல்லாம் கரையேறிக் கிடந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பாய்மரம்கூட இல்லை. எல்லாம் அழிந்த பிறகு கடல் இப்படித்தான் கிடக்குமோ என்று பயந்துபோய், குனிந்து ஒரு கை சேறு அள்ளி முகர்ந்தேன். உப்பு வாடைதான். இந்தப் பழக்கத்தையும் பயத்தையும்தான் ஜெசிந்தா எனக்கு விட்டுப்போயிருக்கிறார்.

தம்பி பக்கத்தில் வந்து நின்றார். "நாளைக்கு வள்ளம் எறக்கலாமா சார்?"

பதில் சொல்லுமுன் இன்னொரு கை அள்ளினேன்.