இடது கையால் சாப்பிட்ட ராஜா

திண்டிவனத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பேர். அங்கே மல்லாட்டை மண்டியில் விதைக்காய் உடைக்கிற பெண்கள் காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பார்கள். கட்டைவிரல் நகம் தேய்ந்து சதை தெரியும். முதுகு விட்டுப்போகும். கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை என்பதால் பேசிக்கொண்டே உடைப்பார்கள். வீட்டைப் பற்றிப் பேசினால் அழுகை வந்தது. அரிசி விலையைப் பற்றிப் பேசினால் ஆத்திரம் வந்தது. அதனால் சினிமாவைப் பற்றிப் பேசினார்கள்.

ஊருக்கு வெளியே டூரிங் கொட்டகை வந்த வருஷம் தொடங்கிய பேச்சு அது. "இதுவரிக்கும் வந்த படத்துலயே எது ஒசத்தி?" என்று மூட்டையை அவிழ்க்கும்போதே யாராவது ஒருத்தி பற்றவைத்துவிடுவாள். எல்லாருமாகச் சேர்ந்து பார்த்ததே ஏழெட்டுப் படம்தான் இருக்கும். அதற்கே இத்தனை சண்டை.

மாதா கோயில் தெரு சூசை மேரிக்குக் கண் தெரியாத தாய் பிள்ளையைத் தேடி அலையும் படம்தான் உசத்தி. "நான் அழுத அழுகையில முந்தானைய புழிஞ்சி காயப்போட்டேன்" என்பாள், பட்டம் வாங்கியவள் மாதிரி. சேரியில் வெள்ளையம்மாளுக்குப் பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணுவுக்குக் கத்திச் சண்டை இருந்தால் போதும். வெள்ளையம்மாள் மட்டும், ராஜ்யத்தை இழந்து காட்டில் பாய் முடைந்து பிழைத்த ராஜாவின் படத்தைச் சொல்வாள். மற்றவர்கள் தங்கள் படத்தை அவ்வப்போது மாற்றிக்கொண்டார்கள். இவள் பன்னிரண்டு வருஷமாக மாற்றவில்லை.

"அதுல இன்னா கீது? பாட்டு கூட சரியில்ல" என்பாள் சூசை மேரி.

"ராஜா சாப்புடுவாரே, அது கீது."

இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. இத்தனை பெரிய படத்தில் ஒருத்தன் சோறு தின்பதைத்தான் பார்த்தாயா என்று கேலி செய்தார்கள். அவள் அதைத்தான் பார்த்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

வெள்ளையம்மாள் விழுப்புரத்துக்கு அடுத்த காணைப் பக்கம் பிறந்து திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் காலராவில் போனபோது மகள் பொன்னி கைக்குழந்தை. பொன்னிக்கு எல்லாம் இடது கை. தவழும்போது அந்தக் கைதான் முன்னால் வந்தது. சோற்றில் கை வைக்கத் தெரிந்ததும் அந்தக் கையைத்தான் வைத்தது. தெருவில் ஒருத்தி பாக்கி இல்லாமல் வந்து சொல்லிவிட்டுப் போனாள். "பீச்சாங்கையால துன்ற பொண்ண எவன் கட்டிக்கினு போவான்? இப்பவே மாத்து." ஊர்ப் பேச்சுக்குக் கூலிக்காரியிடம் எதிர்ப்பேச்சு உண்டா? அவள் பழைய புடவையில் ஒரு துண்டைக் கிழித்து, சோறு போடும் நேரத்தில் குழந்தையின் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினாள்.

குழந்தை அழுதது. வலது கையால் எடுத்த கேப்பைக் களி பாதி வாய்க்கும் பாதி தரைக்கும் போனது. மண்டியிலிருந்து விரல் வீங்கி வருகிறவளுக்கு முடிச்சுப் போடவே தெம்பிருக்காது. தினமும் போட்டாள். தினமும் அது அழுதுகொண்டே தின்றது. பெற்ற பிள்ளையைக் கட்டிப்போட்டுச் சோறு போடுவது கொடுமை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது?

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. சின்னக்கண்ணு இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் காலத்தில் கொட்டகைக்காரர் சேரி ஜனங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தது திரைக்குப் பின்னால். முன்பக்கம் பெஞ்சும் மணல் தரையும். பின்பக்கம் வெறும் கட்டாந்தரை. திரைத்துணியை நனைத்துக் கட்டுவார்கள் என்பதால் படம் அந்தப் பக்கமும் நன்றாகவே தெரியும், இடம் வலம் மட்டும் மாறியிருக்கும். எழுத்து திரும்பித் தெரிந்தது. அங்கே படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. ராணியின் முந்தானை வலது தோளில் கிடந்தது. பட்டணத்து மோஸ்தர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

படத்தின் நடுவில் காட்டுக் குடிசையில் ராணி இலை போட்டாள். ராஜா உட்கார்ந்தார். இடது கையால் சோற்றைப் பிசைந்து இடது கையால் வாயில் வைத்தார். வெள்ளையம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ராணி முகம் சுளிக்கவில்லை. பக்கத்தில் நின்ற முனிவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் ராணியும் அதே கையால் சாப்பிட்டாள்.

சின்னக்கண்ணுவை உலுக்கிப் பார்த்தாள். அவள் கத்திச் சண்டை முடிந்ததுமே தூங்கிவிட்டிருந்தாள்.

அன்று வெள்ளையம்மாள் வீட்டுக்குப் போய்ச் செய்த முதல் காரியம், அந்தக் கிழிசலை அடுப்பில் போட்டது. "ராஜா வூட்டுலயே இப்பிடித்தான் துன்றாங்க. நீ துன்னுடி" என்றாள் மகளிடம். பெரிய இடங்களில் இது குற்றமே இல்லை, ஏழை வீட்டில்தான் குற்றமாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தீர்மானமாகிவிட்டது. எனக்கென்னவோ அவள் நினைத்ததில் பெரிய தப்பு தெரியவில்லை. ஏழைக்கு மட்டும் குற்றமாக இருக்கிற விஷயங்கள் வேறு எத்தனையோ இல்லையா?

மண்டியில் சூசை மேரி ஒத்துக்கொள்ளவில்லை. அவள் முன்பக்கம் மணலில் உட்கார்ந்து பார்த்தவள்.

"ராஜா சோத்தாங்கையாலதான் துன்னாரு. ஒனக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சா?"

"எங்கண்ணால பாத்தேங்க்கா. பீச்சாங்கைதான்."

"மாதா சத்தியமா சொல்றேன், சோத்தாங்கை."

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். ஒரே துணியின் இரண்டு பக்கத்தில் இருந்து பார்த்தோம் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. அதை யோசித்துப் பார்க்கிற தெம்பும் அங்கே ஒருத்திக்கும் இல்லை. சண்டை போட்டார்கள், நாலு நாள் பேசாமல் இருந்தார்கள், பிறகு மறுபடி சண்டை போட்டார்கள். யுத்தம் வந்தது. அரிசி ரேஷனுக்குப் போனது. சினிமாவுக்குப் போகிற வழக்கமே வெள்ளையம்மாளுக்கு விட்டுப்போயிற்று. பார்த்த படத்தை வைத்தே பேச்சை ஓட்டினாள்.

பொன்னி வளர்ந்து, அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து காய் உடைக்க வந்தாள். வேலையில் கெட்டிக்காரி. பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். அவள் சாப்பிடுவதைப் பார்த்ததும் அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவில்லை.

மூன்றாவதாக விழுப்புரத்திலிருந்து அஞ்சம்மாள் வந்தாள். மகன் கண்ணையனுக்கு ரயில்வே ஷெட்டில் கரி அள்ளுகிற வேலை. அஞ்சம்மாள் வெற்றிலை போட்டுக்கொண்டு சினிமா பேச்சை எடுத்தாள். எடுத்ததும் அவள் சொன்ன உசத்திப் படம், அதே ராஜா படம். வெள்ளையம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் உலகத்தில் தன் கட்சிக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது. இரண்டு பேரும் மந்திரியைத் திட்டினார்கள், ராணிக்காக உச்சுக்கொட்டினார்கள். சோறு ஆறிப்போனது தெரியவில்லை.

பிறகு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது அஞ்சம்மாள் பொன்னியின் கையைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா அண்ணி இது?"

வெள்ளையம்மாள் மழுப்பவில்லை. "அதுக்கு அதான் கை. நம்ப படத்துல ராஜா எந்தக் கையால துன்னாரு? நீங்களே சொல்லுங்க."

"நான் மொகத்தத்தானே பாத்தேன். கைய யாரு பாத்தா?" அஞ்சம்மாள் யோசித்தாள். கெட்டவள் இல்லை, ஊர் வாய்க்குப் பயந்தவள். "எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. நாலு பேரு கேட்டா பதில் சொல்லணும். இப்ப எங்க ஊரு கொட்டாயில அந்தப் படத்தத் திருப்பிப் போட்டுருக்கான். ஞாயித்துக்கெழம வாங்க. நீங்க சொன்ன மாதிரியே இருந்தா, ராஜா வூட்டு வழக்கம்னு நானே ஊருக்குச் சொல்லிக்கறேன். கல்யாணத்த முடிச்சிடலாம்."

கல்யாணம் ஒரு சோற்று உருண்டையில் வந்து நின்றது. வெள்ளையம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாகத்தான் ரயில் ஏறினாள். பாசஞ்சர் வண்டியில் உட்கார இடமில்லை. விழுப்புரம் வரை நின்றுகொண்டே போய் இறங்கும்போது கால் இரண்டும் மரத்திருந்தன.

முதல் ஆட்டத்துக்குக் கொட்டகை வாசலில் அஞ்சம்மாள் காத்திருந்தாள். "முன்னாடியே உக்காருவோம் அண்ணி. இப்ப யாரு எங்க வோணா உக்காரலாம்னு சட்டம் வந்துட்ச்சி. நானும் எத்தினி வருசம் அந்தத் துணிக்குப் பின்னாடியே கெடந்தேன்."

நல்ல மணல். வெள்ளையம்மாள் காலை நீட்டிக்கொண்டாள். இத்தனை வயதுக்கு அன்றுதான் திரையின் முகத்தைப் பார்க்கிறாள். ராணி வந்தாள், முந்தானை நம் வீட்டுப் பெண்களைப் போல இடது தோளில் கிடந்தது. மோஸ்தரை மாற்றிவிட்டாளா என்று நினைத்தாள். குடிசை வந்தது. இலை வந்தது. ராஜா உட்கார்ந்து வலது கையால் சோற்றைப் பிசைந்து வலது கையால் சாப்பிட்டார்.

இது வேறு படம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அதே ராஜா, அதே குடிசை. ராணியும் வலது கையால் சாப்பிட்டாள். கரை போட்ட புடவையைத் திருப்பிப் போட்டால் கரை எந்தப் பக்கம் போகும் என்று தெரியாதவள் இல்லை வெள்ளையம்மாள். மெல்லப் புரிந்தது. அழுகை வரவில்லை. மண்டியில் கடைசி மூட்டை என்று நினைத்து முடித்தபோது இன்னொன்றைக் கொண்டுவந்து கொட்டுவார்களே, அப்போது வருகிற அலுப்புதான் வந்தது. அப்படியே அந்த மணலில் படுத்துவிடலாம் போலிருந்தது.

ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். அஞ்சம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"நான் சொன்னது தப்பு அண்ணி" என்றாள் வெள்ளையம்மாள். "பின்னாடி இருந்து பாத்தது. நெசத்துல சோத்தாங்கைதான்."

அஞ்சம்மாளுக்கும் புரிந்தது. பெருமூச்சு விட்டாள். "பரவால்ல. நல்ல பொண்ணு, எம் புள்ளைக்கும் புடிச்சிருக்குது. கைய மட்டும் மாத்திக்கச் சொல்லுங்க. தையில முடிச்சிடலாம்."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரயில்வே சம்பளக்கார மாப்பிள்ளை. மகள் மண்டிக்குப் போக வேண்டாம், நகம் தேய வேண்டாம். வெள்ளையம்மாள் தேய்ந்துபோன தன் நகங்களைப் பார்த்தாள்.

"மாத்த மாட்டேன் அண்ணி" என்றாள். "ஒரு தடவ மாத்திப் பாத்துட்டேன். மறுபடி என்னால ஆவாது."

"அப்ப வேணாம் அண்ணி. எனக்கும் நாலு பேரு இருக்காங்க."

விளக்கை அணைத்தார்கள். டிக்கெட் எடுத்தாயிற்று என்பதால் இரண்டு பேரும் எழுந்து போகவில்லை. ராணியைக் காட்டில் விட்டுவிட்டு ராஜா போகும் இடத்தில் இரண்டு பேருமே அழுதார்கள். வெளியே வந்தபோது அஞ்சம்மாள், "நல்ல படந்தான்" என்றாள். வெள்ளையம்மாள், "ஆமா அண்ணி" என்றாள். அவ்வளவுதான் சம்பந்தம்.

மறுநாள் மண்டியில் மூட்டை அவிழ்ந்ததும் விஷயம் வெளியே வந்துவிட்டது. பொன்னி குனிந்த தலை நிமிராமல் காய் உடைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷச் சண்டையில் ஜெயித்த சூசை மேரிக்கு அதைக் கொண்டாடவும் மனசில்லை, விடவும் மனசில்லை.

"அப்ப நான் சொன்னதுதான் நெசம்."

"ஆமாங்க்கா. நீ சொன்னதுதான் நெசம்."

"இப்பவாச்சும் சொல்லு. இதுவரிக்கும் வந்ததுல எது ஒசத்தி?"

"அதே படந்தான்."

"அட இன்னாடி பேஜாரு. ராஜா சோத்தாங்கையாலதான் துன்றாருன்னு நீயே பாத்துட்டு வந்துட்ட. அதுல அப்பறம் இன்னா கீது?"

வெள்ளையம்மாள் கையிலிருந்த காயை உடைத்துப் பருப்பைக் கூடையில் போட்டாள்.

"நீ அழுத படத்த ஒசத்தின்ற. நான் ஒண்ணும் சொல்லல. எம்பொண்ணு வேள தவறாம அழுதுக்கினே துன்னுக்கினு இருந்திச்சி. அந்தப் படத்தப் பாத்துட்டு வந்த பின்னாடி அழுவாம துன்னுது. பன்னெண்டு வருசம் ஆச்சி. நான் வேற எதங்க்கா சொல்லுவேன்?"

சூசை மேரி ஒரு கை காயை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். அன்று முழுக்க அங்கே யாரும் சினிமா பேசவில்லை.