வெந்நீர் ஊற்றில் என் விரல்

காலை ஏழு மணி ஆகியும் இங்கே விடிவதில்லை. திருமங்கலத்தில் அந்நேரம் வெயில் சுள்ளென்று அடிக்கும். மலேசியாவின் ஈப்போவிலோ நான் வானத்தில் வெள்ளியைப் பார்த்துக்கொண்டே வேலைக்குக் கிளம்புகிறேன். வந்து இரண்டு வருடமாகியும், பாதித் தூக்கத்தில் வேறு ஏதோ கிரகத்தில் இறங்கிவிட்ட மயக்கம் எனக்குப் போகவில்லை.

என் வேலையும் அப்படிப்பட்டதுதான். பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்று தேடுகிறவர்கள், முதலில் பூமியிலேயே எந்தெந்தக் கொடுமையான இடங்களில் உயிர் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்கிறார்கள். கோப்பெங் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. கந்தக வாடை, நடுவில் கை வைக்க முடியாத கொதிப்பு. அதிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சுகமாகக் குடித்தனம் நடத்துகின்றன. அங்கே எடுக்கும் ஒரு புட்டித் தண்ணீரை நம்பித்தான் என் வேலை இன்னொரு வருடம் நீளும். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வழிகாட்டி செல்வம் அண்ணன், அதே தோட்டத்தில் ரப்பர் பால் எடுத்தவர். தண்ணீர் எடுக்கப் போன அன்று, ஊற்றுக்குப் பக்கத்தில் இருந்த முனீஸ்வரனுக்குப் பசும்பால் ஊற்றிக் கும்பிட்டார்.

"கேட்டுட்டுத்தான் எடுக்கணும்லா, தங்கச்சி. ஆள் இருக்கிற எடம்."

"ஆள் இருக்கான்னு பாக்கத்தான் அண்ணே நானும் வந்திருக்கேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது அந்தப் புட்டியில் வெளிக்கிருமி கலந்திருந்தது. நம் உயிரை நாமே கொண்டுபோய்விட்டு, புது உயிரைக் கண்டுபிடித்தோம் என்று குதிக்கக்கூடாது. வேற்றுக் கிரகத்துக்குப் போகும் கலத்தை அவ்வளவு துடைப்பதும் அதனால்தான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "உங்க பாலால என் பொழப்பே போச்சுண்ணே!" என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அவர் தலையைக் குனிந்தபடி போய்விட்டார். அடுத்த வாரம் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

பிறகு முழு அறிக்கை வந்தது. பாலில் இருக்கும் கிருமி ஒன்றுகூட இல்லை. எல்லாம் மனிதத் தோலில் வாழ்பவை. அப்போதுதான் உறைத்தது. அவர் கும்பிட்டபோது நானும் என்னை அறியாமல் கையுறையைக் கழற்றி, ஆறிய ஓரத்துத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தேன். வைகையில் இறங்கும்போதெல்லாம் செய்த பழக்கம். அந்த ஈரக் கையோடுதான் புட்டியைத் திறந்திருக்கிறேன். ஐயோ, படித்த முட்டாளே!

அன்று மாலையே அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"அன்னிக்கு நீங்க பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன்லா."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"சாமி கும்பிடுற கைய எப்படிம்மா தடுக்கறது? உக்காரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போலாம்."

வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கலப்புக்குக் காரணம் யார் என்று மறுநாள் படிவம் கேட்டது. வழிகாட்டியின் கை என்று எழுதினால் யாரும் துருவப்போவதில்லை. என் வேலை பிழைத்துவிடும். என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே இன்னொரு கேள்வி: காரணமானவர் உள்ளூரா, வெளியூரா? வைகைப் பழக்கத்தோடு இந்த ஊற்றைத் தொட்ட விரலை ஒருமுறை பார்த்தேன். பிறகு இரண்டு கட்டத்திலும் டிக் அடித்தேன்.