அறுபத்தைந்தும் ஓர் ஓட்டையும்

ஐப்பசி மூன்றாம் நாள், மழையில், கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு இரும்பு கேட்டைத் தொட்ட என் மனைவிக்கு ஷாக் அடித்தது. கையை உதறிக்கொண்டு, "மழ பேஞ்சா இனிமே இந்தக் கேட்ட நான் தொடமாட்டேன்" என்றாள். தினமும் வேலைக்குப் போகிறவள். வெளியே போக அது ஒன்றுதான் வழி.

ஆவணியில் கேட் தூணில் மாட்டியிருந்த விளக்கை அன்றே கழற்றினேன். உள்ளே தண்ணீர், தூசி. பின்புறம் ஐ.பி. 44 என்று அச்சிட்டிருந்தது. நான்கு நாள் அதைப் பற்றிப் படித்துவிட்டு, வாங்கிய சிதம்பரம் கடைக்கே கொண்டுபோனேன்.

"அதான் ஐபி போட்டிருக்கே சார். ஈபி அப்ரூவல் அது. ஒண்ணும் ஆவாது."

ஈ.பி. என்பது மின்வாரியம். இது வேறு, தூசியையும் தண்ணீரையும் விளக்கு எவ்வளவு தடுக்கும் என்ற அளவு என்றேன். நாற்பத்து நான்கு என்று சேர்த்துப் படிக்கக் கூடாது. முதல் நான்கு தூசிக்கு: ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்டது நுழையாது, புழுதி நுழையும். இரண்டாம் நான்கு தண்ணீருக்கு: தெறித்தால் தாங்கும். எங்கள் ஊரில் ஐப்பசி மழை தெறிப்பதில்லை, பீய்ச்சுகிறது. ஆறும் ஐந்தும் வேண்டும். ஆறில் தூசி புகாது, ஐந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும்.

"கடலூர் பூரா இதத்தான் சார் மாட்டியிருக்காங்க."

"மாட்டட்டும். என் வீட்ல மாட்டமாட்டேன்."

65 எழுதியதை வாங்கி வந்தேன். மாட்ட வந்தவன் என் மனைவியின் தம்பி, புவனகிரியில் எலக்ட்ரீஷியன். வந்ததும் விளக்கின் தலையில் டிரில்லை வைத்தான்.

"எதுக்கு மச்சான் ஓட்ட?"

"ஒயர் மேலேர்ந்து வருது மாமா. போன தடவயும் இப்படித்தான போட்டேன்."

கடைக்காரரிடம் நான் காட்டிய கோபத்தில் பாதி இவனுக்குச் சேர வேண்டியது.

"ஓட்ட போட்டா அறுபத்தஞ்சு எங்க இருக்கும்?"

"நம்பர் அழிஞ்சா போயிடும்? பேஸ்ட் வெச்சு அடைச்சிடறேன். ரொம்ப படிச்சிட்டீங்க மாமா, ஜாஸ்தியாப் போச்சு."

டிரில்லின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். அவன் தூணைக் கொத்தி, ஒயரைக் கீழே இறக்கி, விளக்கின் அடியிலிருந்த ரப்பர் வளையம் வழியாக ஏற்றி, எர்த் ஒயரும் கொடுத்த பிறகுதான் திருப்பித் தந்தேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தான்.

மறுநாள் காலை நல்ல மழை. விளக்கைப் போட்டுவிட்டு, மச்சான் கேட்டில் டெஸ்டரை வைத்தான். டெஸ்டர் எரியவில்லை, கேட்டில் கரண்ட் இல்லை. நான் முதலில் தொட்டுக் காட்டலாம் என்று முன்னால் போனேன்.

"தள்ளுங்க, டைமாவுது" என்று என் மனைவி வெறுங்கையால் தாழ்ப்பாளைத் தூக்கினாள்.